புரை முத்தட்டும் என்று விட்டுவிடாதீர்கள்: வீட்டுப் பெரியவரின் கண்ணை முதன்முதலாகக் கவனிப்பவர்களுக்கு

அப்பத்தா அரிசியில் கல் பொறுக்குவதை எந்த வருடம் நிறுத்தினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவர் அவர். எப்போதோ அந்த வேலை அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. வயசாச்சுல்ல என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு டி.வி. முன்னால் உட்கார்ந்தாலும் அவர் முகம் ஜன்னல் பக்கம் இருக்கும். சீரியலைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைக் காட்டலாமா என்றால், "புரை இருக்குன்னு அன்னிக்கே சொன்னாக. முத்துனதும் எடுத்துக்கிரலாம்" என்பார்.

ஒரு கார்த்திகை மாத இரவில் தலையின் வலது பக்கம் பிளக்கிறது என்றார். இரண்டு முறை வாந்தி. பித்தம் என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தோம். மறுநாள் உள்ளூரில் ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். கண் சிவந்திருந்ததை அம்மா பார்த்தார்தான், ஆனால் வாந்தி எடுத்த வேகத்தில் சிவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் டார்ச் அடித்தார். கண்மணி வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு வைத்ததுபோல் இருந்தது, வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. டார்ச்சை மேலே, கீழே, பக்கத்தில் என்று மாற்றி மாற்றிப் பிடித்து, "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது பாட்டி?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பத்தா "நேராத்தான்" என்றார். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.

முற்றிய புரை ஊதிப் பெருத்து, கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைத்துவிட்டது. கண்ணழுத்தம் ஏறி, மூன்று நாளில் பார்வை நரம்பு செத்துவிட்டது. வெளிச்சம் வந்த பக்கத்தை அப்பத்தாவால் சொல்ல முடியாததன் அர்த்தம் அதுதான். ஆபரேஷன் செய்தார்கள், வலி போனது. பார்வை வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. அப்பத்தா, பெரியப்பா, தாய்மாமா என்று மூன்று பெரியவர்களைக் கண் ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததுதான் என் படிப்பு. இந்தப் பொறுப்பு முதல் முறையாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், எங்கே தொடங்க வேண்டும் என்பதை நான் அறிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதல் வேலை: வீட்டில் கவனிப்பது

வயதானவர்கள் கண்ணைப் பற்றிப் புகார் சொல்வது அபூர்வம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம் ஒன்று. பார்வை மெதுவாகக் குறைவதால் அவர்களுக்கே பிடிபடாமல் போவது இன்னொன்று. அதனால் நடவடிக்கையைப் பாருங்கள். டம்ளருக்கு வெளியே காப்பி ஊற்றுகிறாரா? கோலத்தில் புள்ளி தவறுகிறதா? பத்து ரூபாய்த் தாளையும் நூறு ரூபாய்த் தாளையும் விரலால் தடவிப் பார்க்கிறாரா? கடைசிப் படியில் கால் தடுமாறுகிறதா? தெருவில் எதிரே வருகிறவரைக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறதா? பொழுது சாய்ந்தால் வெளியே வர மறுக்கிறாரா? இதில் இரண்டு இருந்தாலே கிளம்பிவிடலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இருபது வருடமாக வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் திடீரென்று ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். "எழுபது வயசுல எனக்குக் கண் தெளிஞ்சிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லுவார். அது தெளிவு அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி புரையால் கெட்டிப்பட்டு, கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கிட்டத்தில் நன்றாகத் தெரியும்போதே தூரத்துப் பஸ் போர்டு மங்கியிருக்கும். கொஞ்ச நாளில் கிட்டத்துப் பார்வையும் போகும். பெருமையைக் கெடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது உங்கள் சாமர்த்தியம்.

இரண்டாவது: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு கண் முழுக்கப் போனாலும் இன்னொரு கண் வேலையை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்பத்தாவின் வலது கண் எத்தனை மாதமாகத் தெரியாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது.

பகலில், நல்ல வெளிச்சத்தில், சுவரில் தினசரி காலண்டரை மாட்டி பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். தூரக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடச் சொல்லி தேதி எண்ணைக் கேளுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், எங்கள் பெரியப்பா அதில் கெட்டிக்காரர். தேதியைக் கிழித்துவிட்டு அடுத்த கண்ணுக்கு வேறு எண் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஞாபகத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து ஜன்னல் கம்பியையோ குளியலறை டைல்ஸ் கோட்டையோ ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கோடு வளைந்து நெளிந்து தெரிந்தாலோ, நடுவில் மட்டும் அழுக்குபோல் ஒரு திட்டு மறைத்தாலோ, விழித்திரையின் மையப் பகுதியில் கோளாறு இருக்கலாம். வயதால் வரும் மையச் சிதைவில் ரத்தக் கசிவுள்ள வகை ஒன்று உண்டு. அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போனால்தான் பலன். கோடு நெளிவதைப் பார்த்தால் அந்த வாரமே போய்விடுங்கள்.

கடைசியாக, எதிரே நின்று மூக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி, இருபக்கமும் உங்கள் விரலை ஆட்டிப் பாருங்கள். பெரியப்பா ஆஸ்பத்திரிப் பலகையில் கடைசி வரிவரைக்கும் தடதடவென்று படிப்பார். வெளியே வரும்போது கதவு நிலையில் இடித்துக்கொள்வார். கிளாக்கோமா என்கிற கண்ணழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்கிறது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால், "எனக்கென்ன, எழுத்தெல்லாம் தெரியுதே" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த விரல் சோதனையில் பெரிய குறை மட்டும்தான் அகப்படும். ஆரம்பக் குறையை ஆஸ்பத்திரிக் கருவிதான் காட்டும்.

மூன்றாவது: எது இந்த ராத்திரியே, எது இந்த வாரம்

இதைத்தான் நாங்கள் தவறவிட்டோம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கண்வலியோடு அதே பக்கத் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், பார்வை மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது திடீர்க் கண்ணழுத்தமாக இருக்கலாம். வாந்தி இருப்பதால் வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலி இருப்பதால் ஒற்றைத் தலைவலி என்றும் வழி தவறுவது நம் வீடுகளில் சாதாரணம். சாதாரணக் கண்ணழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை. இந்தத் தாக்குதலில் அது 50, 60 என்று ஏறிவிடும். அந்த அழுத்தத்தில் நரம்பு மணிக்கணக்கில் சேதமாகிறது. பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கும் பெரியவரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டுபோனாலும் அவசரம்தான். விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். பக்கவாதத்துக்குச் சமமாக நினைத்து, பக்கவாதம் பார்க்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே 108இல் போங்கள். மாரடைப்புக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற நாம், வலி இல்லை என்பதற்காகக் கண்ணை மறுநாளுக்குத் தள்ளிப்போடுகிறோம்.

கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிவது, திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைப்பது, இவை விழித்திரை கிழிந்து பிய்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கோ மறுநாளோ பார்த்தாக வேண்டும். நடுப்பகுதி பிய்வதற்கு முன் ஆபரேஷன் நடந்தால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு நிறைய.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வேறு மாதிரி. தாய்மாமா ஒரு காலை எழுந்து, "கண்ணுக்குள்ள மை கொட்டுன மாதிரி இருக்குடா" என்றார். விழித்திரையில் புதிதாக முளைத்த மெல்லிய ரத்தக்குழாய் உடைந்திருந்தது. 16 வருடச் சர்க்கரை. அதுவரை விழித்திரையை ஒரு முறைகூடக் காட்டியதில்லை. சர்க்கரைக் கண்நோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் கண் நன்றாகத் தெரிந்தாலும், வயதான காலத்தில் சர்க்கரை கண்டுபிடித்த வருடத்திலிருந்தே வருடத்துக்கொரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் ரத்தக் கசிவு, விழித்திரை இழுபட்டுப் பிய்தல், கடைசியாக வலியோடு வரும் ஒரு கண்ணழுத்தம் என்று படிப்படியாகப் போகும்.

அக்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். மண்பாண்டம் செய்கிறவர்களிடம் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது இன்றும் உண்டு. அதில் நம்பிக்கை இருப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் கொப்புளம் நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ இருந்தால், அது கண்ணுக்குள் இறங்கும் நரம்பின் பாதை. வைரஸுக்கு எதிரான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். காவி பூசி ஐந்து நாள் காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும்.

நான்காவது: "முத்தட்டும்" என்பதை மறப்பது

இந்தப் பேச்சு வெறும் மூடநம்பிக்கை கிடையாது, அதற்கொரு காலம் இருந்தது. அந்நாளில் புரை பிடித்த லென்ஸை முழுசாக வெளியே எடுப்பார்கள், உள்ளே மாற்று லென்ஸ் வைக்க மாட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதனால் பார்வை ரொம்பக் குறைந்த பிறகு செய்தால் போதும் என்று டாக்டர்களே சொன்னார்கள். லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் 1949இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். நம் பக்கம் அது எல்லோருக்கும் கிடைக்க வெகுநாள் ஆனது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 1992இல் லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்து விலையை இறக்கிய பிறகுதான், லென்ஸ் வைப்பது சாதாரண வீடுகளுக்கும் கைக்கெட்டியது.

இப்போது கதை தலைகீழ். முற்றிய புரை கல்போல் இறுகிவிடும், உடைத்து எடுப்பது கஷ்டம், சிக்கலும் கூடும். ஊதிப்போனால் நீர்வடியும் கோணத்தை அடைக்கும். அப்படி அடைக்காவிட்டாலும், உருகிய லென்ஸ் சத்து கசிந்து அதே வடிகாலில் தேங்கி அழுத்தத்தை ஏற்றும். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். முற்றிய புரைக்குப் பின்னால் விழித்திரை எப்படி இருக்கிறது என்று நேரடியாகப் பார்க்கவும் முடியாது, ஸ்கேன் எடுத்து ஊகிக்க வேண்டும்.

அதற்காகப் புரை என்று சொன்ன மறுநாளே கத்தி வைக்க வேண்டும் என்றில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகிறதா என்பதே அளவுகோல். ஆரம்பப் புரை என்றால், ஆறு மாதமோ வருடமோ கழித்து மறுபடி காட்டச் சொல்லி அனுப்புவார்கள். காத்திருக்கலாம், ஆனால் டாக்டர் சொன்ன தேதியோடு காத்திருங்கள்.

ஐந்தாவது: எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது

கண்ணாடிக் கடையில் இலவசமாகப் பவர் பார்ப்பதைக் கண் பரிசோதனை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கண்ணழுத்தமும் விழித்திரையும் பார்ப்பதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் கண் பிரிவு உண்டு, புரை ஆபரேஷன் லென்ஸோடு இலவசம். சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, உலகத்திலேயே பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. அரவிந்தை டாக்டர் ஜி. வெங்கடசாமி பணி ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கினார். சென்னை சங்கர நேத்ராலயா 1978. கிராமத்தில் இருந்தால் கண் சிகிச்சை முகாம் நல்ல வழி: அங்கேயே பார்த்து, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அன்றே வண்டியில் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் முகாமில் "உங்களுக்குப் புரை இல்ல, நரம்புல கோளாறு, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதுதான் முக்கியமான சீட்டு. புரை இல்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்புகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

கிளம்பும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் நம்பாமல் மாத்திரைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குறிப்பாக ஆண்களுக்குச் சிறுநீர் பிரிவதற்காகக் கொடுக்கும் டாம்சுலோசின். அது கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், ஆபரேஷன் நடுவில் சிக்கல் தரும். நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், ஆனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவோ மெதுவான இதயத்துடிப்போ இருந்தால் அதைச் சொல்லியே தீர வேண்டும். கண்ணழுத்தத்துக்கு ஊற்றும் டைமோலால் சொட்டு மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும். கண்ணில் விடுவது உடம்புக்குள் போகாது என்று நினைக்கிறோம், அது தப்பு.

பழைய கண்ணாடி, ஆதார், காப்பீட்டு அட்டை, ஒரு பாட்டில் தண்ணீர், நாலு இட்லி. முதல் பரிசோதனைக்கு அரை நாள் ஆகும், சர்க்கரைக்காரரைப் பட்டினியாக உட்கார வைக்காதீர்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கூசும், மங்கும். பைக்கில் தனியாக வந்தவர் பைக்கில் திரும்ப முடியாது.

ஆறாவது: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

பலகையைப் படிக்கச் சொல்வார்கள். அழுத்தம் பார்க்கக் கண்ணில் காற்று ஊதுவார்கள், அல்லது மரத்துப்போகும் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தோடு ஒரு முனையைத் தொடுவார்கள். தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு சொட்டு விட்டு வரிசையில் உட்கார வைத்து, கண்மணி விரிந்ததும் விழித்திரை. கண்ணழுத்தச் சந்தேகம் இருந்தால் வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்தும் சோதனை. இருட்டறையில் இதைச் செய்யும்போது பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள், நிஜமாகத்தான். இடையில் ஓய்வு கேட்கலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

மூன்று கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ரெண்டு கண்ணிலும் பிரஷர் எவ்வளவு? பார்வை நரம்பு எப்படி இருக்கு? விழித்திரை பார்த்தாச்சா? பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தால் இந்த நோட்டுதான் பேசும்.

இன்னொன்றைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இதனால் பார்வை கூடுமா, இல்லை இருப்பது நிலைக்குமா? புரை ஆபரேஷனில் பெரும்பாலும் பார்வை கூடும். சர்க்கரைக் கண்ணுக்கு லேசர் வைப்பதும், கண்ணழுத்தத்துக்குச் சொட்டு விடுவதும் பெரும்பாலும் இருப்பதைக் காப்பதற்கு. தாய்மாமா லேசர் வைத்துக்கொண்டு வந்து, "காசு கொடுத்தும் ஒண்ணும் தெரியல" என்று மூன்று மாதம் போகவே இல்லை. யாரும் அவரை ஏமாற்றவில்லை, யாரும் அவருக்கு விளங்கும்படி சொல்லவுமில்லை.

ஏழாவது: சொட்டு விடுவது

இது சின்ன வேலை என்று நினைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரியவர் அண்ணாந்து மேலே பார்க்கட்டும். கீழிமையை லேசாக இழுத்து, உள்ளே விழும் குழியில் ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு பலன் என்பதில்லை, கன்னத்தில்தான் வழியும். திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள்.

கண்ணழுத்தச் சொட்டு ஆயுள் முழுக்க. பெரியப்பா, "ஊத்துனாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டியும் ஒண்ணுதான்" என்று எட்டு மாதம் நிறுத்திவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை, அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்த எட்டு மாதத்தில் போனது பக்கவாட்டில் போனது. போனது திரும்பவில்லை.

கண்ணில் விடக்கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், வெங்காயச் சாறு, எதுவும் வேண்டாம். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொள்வதில் குளிர்ச்சி இருக்கலாம். பிழிந்து உள்ளே விடாதீர்கள். களத்தில் நெல் தூற்றும்போது உமியோ சுணையோ பட்டால் நாக்கால் துழாவி எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது. வாயில் இருக்கும் கிருமியெல்லாம் கீறல் விழுந்த கருவிழிக்குப் போகும். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, உறுத்தல் போகாவிட்டால் ஆஸ்பத்திரிதான். நெல், வைக்கோல், சோளத்தட்டை பட்ட காயத்தில் பூஞ்சை பிடிப்பது தென்னாட்டில் சகஜம். கருவிழியில் வெள்ளைப் புண் தெரிய ஆரம்பித்தால் ஒவ்வொரு நாளும் கணக்கு.

இதிலே பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில், "கண் சிவப்புக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று கேட்பதுதான். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் சிவப்பு மறுநாளே குறையும், அடியில் பூஞ்சை கொழுக்கும். மாதக்கணக்கில் விட்டால் அதுவே கண்ணழுத்தத்தையும் புரையையும் உண்டாக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சொட்டும் இதே கணக்குதான்.

எட்டாவது: ஆபரேஷன் முடிந்த வாரம்

புரை ஆபரேஷன் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். கவனம் வேண்டியது அதற்குப் பிந்தைய நாட்களுக்கு. தலைக்குக் குளிப்பது, கண்ணைக் கசக்குவது, அடுப்புப் புகை, சாம்பிராணி, பேரப்பிள்ளை விரலை விடுவது, இவற்றையெல்லாம் டாக்டர் சொல்லும் நாள்வரை தள்ளி வையுங்கள். ராத்திரி பாதுகாப்பு மூடி போடாமல் படுக்க விடாதீர்கள்.

சாதாரணமாக நாளுக்கு நாள் பார்வை தெளிய வேண்டும், உறுத்தல் குறைய வேண்டும். இரண்டாம் நாள் நன்றாகத் தெரிந்த கண் நாலாம் நாள் மங்கி, வலி கூடி, சிவந்து, பூளை தள்ளினால் கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காமல் ராத்திரியானாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். ஆஸ்பத்திரியின் ராத்திரி போன் நம்பரை டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

வருடங்கள் கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்ப வளந்துருச்சு" என்பார்கள். புரை வளராது, லென்ஸ் வைத்த பையின் பின்பக்கத்தில் படலம் கட்டியிருக்கும். சில நிமிட லேசரில் சரியாகிவிடும்.

பார்வை திரும்பாவிட்டால்

அப்பத்தாவின் வீட்டுக்குள் நாங்கள் செய்த முதல் வேலை, எந்தப் பொருளையும் இடம் மாற்றாமல் இருந்தது. கடைசிப் படிக்கு வெள்ளைப் பெயின்ட், கழிவறைக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு, வெள்ளைத் தட்டில் சோறு வைக்காமல் கறுப்புத் தட்டு. ஒரு கண்ணில் மட்டும் பார்க்கிறவருக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது. டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும், மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

இடது கண்ணிலும் புரை ஏறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஒரு நாள், "சின்னச் சின்னப் பிள்ளைக பாவாடை கட்டிக்கிட்டு முற்றத்துல நிக்குதுக" என்றார். அம்மா பயந்து திருநீறு மந்திரிக்க ஆள் தேடினார். பார்வை குறைந்தவர்களுக்கு இப்படி உருவங்கள் தெரிவது உண்டு, மூளை தானாகப் படம் வரைந்துகொள்கிறது. சுவிட்சர்லாந்துக்காரரான சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760இலேயே எழுதி வைத்திருக்கிறார், அவர் பெயரால்தான் இதை அழைக்கிறார்கள். பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், பெரியவரிடமும் இதை விளக்குங்கள். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயத்தில் இதை மறைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து கட்டைப் பிரித்த அன்று அப்பத்தா முதலில் பார்த்தது என்னை. "என்னடா இம்புட்டு நரைச்சுப் போச்சு உனக்கு" என்றார். முற்றத்துப் பிள்ளைகள் அதற்குப் பிறகு வரவில்லை.

உங்கள் கண்

பெரியப்பாவைப் பரிசோதித்த டாக்டர், "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். கண்ணழுத்த நோய் உள்ளவரின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 40 தாண்டியவர்கள் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று முனகிக்கொண்டே வந்த என் அப்பாவுக்கு அழுத்தம் 27 இருந்தது. நரம்பு தேய ஆரம்பித்திருந்தது, பார்வையில் இன்னும் எதுவும் போகவில்லை.

ராத்திரி எட்டரைக்கு என் போனில் அலாரம் அடிக்கும். அப்பா செய்தி பார்த்துக்கொண்டே அண்ணாந்து, கீழிமையைத் தானே இழுத்துக் காட்டுவார்.